தேயிலைக் கண்ணால் பார்த்த செம்பனை

தேயிலைக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. நல்ல மழை பெய்தால் அடுத்த வாரமே கொழுந்து தள்ளும். வெயில் விடாமல் அடித்தால் அதே வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கேமரன் மலையில் நான் வேலை செய்கிற டீக்கடை, தோட்டத்துச் சரிவின் விளிம்பில் இருக்கிறது. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே எதிர் மலையின் நிறத்தைப் பார்த்து, இந்த வாரம் யார் வீட்டில் ஓவர்டைம், யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தப்பாது.

நாங்கள் எல்லோரும் அப்படியே வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தார்கள். அண்ணன் கொழுந்து வெட்டும் மிஷினைப் பிடித்தார். நான் தேயிலையைக் குனிந்து பறிக்காமல், நிமிர்ந்து நின்று சுற்றுலாக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். குடும்பத்துக்கு இதுவே பெரிய முன்னேற்றம். செடியைப் பார்த்தால் இன்றைய வானிலை தெரியும், வானத்தைப் பார்த்தால் நாளைய செடி தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கம்தான் அண்ணனின் வீட்டைத் தின்றது.

அந்த வறட்சி வருஷத்தில் எங்கள் கடையில் கூட்டம் அள்ளியது. பனி இல்லை, தூறல் இல்லை, கழுவிவிட்ட மாதிரி நீல வானம். கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, சரிவை வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். "நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்க, தினம் இப்படி ஒரு வானத்துல வேல செய்றீங்க" என்று ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார். அவர் படம் எடுத்த மலையில் இருபது நாளைக்கும் மேலாக மிஷின் ஏறவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும். கேக் வேண்டுமா என்று கேட்டேன்.

கொழுந்து நின்றுவிட்டது. நுனி மொட்டுகள் கண்ணை இறுக மூடிக்கொண்டன. இலைகள் தடித்து, கையில் எடுத்தால் காகிதம் போல மடிந்தன. கீழே லெம்பா பெர்த்தாமில் பூந்தோட்டக்காரர்கள் தண்ணீருக்கு ஒருவரோடொருவர் குழாய்ச் சண்டை போட்டார்கள். திரிங்காப்பில் கோஸ் பாதி அளவுக்கே உருண்டது. என் வீட்டுக்காரர் அங்கிருந்து காய்கறி ஏற்றிக் கீழே கொண்டுபோகிற லோரி ஓட்டுகிறவர். ஏற்ற ஒன்றுமில்லாமல் லோரியைக் கழுவிக் கழுவி அதன் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லோரி ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து எல் நினோ என்று ஒன்றை எனக்கு விளக்கினார். எங்கோ பசிபிக் கடல் நடுவில் தண்ணீர் சூடாகிறதாம். நம் பக்கம் வரவேண்டிய மழை மேகமெல்லாம் அந்தச் சூட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடுமாம். சில வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வரும், பிறகு அதே கடல் குளிர்ந்தால் இங்கே கொட்டித் தீர்க்கும். யாரும் செய்ததில்லை, மனுஷன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது அப்படித்தான் போய்வருகிறதாம். "அப்போ நம்ம மழைய யாரோ பார்சல் கட்டிட்டாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில மாதம் முன்னால், ஐப்பசியில், நாகப்பட்டினம் பக்கத்திலிருக்கிற எங்கள் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வயலில் முழங்காலளவு தண்ணீர், நட்ட நாற்று அழுகி மிதக்கிறது. நாங்கள் பாவம் பாவம் என்று பதில் போட்டோம். அதற்கும் இதே கடல் சூடு ஒரு காரணமாம். அங்கே நாற்று அழுகியதும் இங்கே கொழுந்து கருகியதும் ஒரே வீட்டுச் சமாசாரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வோர் ஊரிலும் அவரவர் செடியை மட்டும் பார்த்துக்கொண்டு, அவரவர் சாமியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அண்ணனுக்கு அந்த வருஷம் மிஷின் வேலை போய் புல் வெட்டும் வேலை வந்தது. சம்பளம் குறைந்ததுகூடப் பெரிதில்லை. ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து லைன் வீடு வேலை இருக்கிறவரைக்கும்தான். வேலை முடிந்தால் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வருவார், நல்ல வார்த்தை நாலு சொல்வார், சாவியை வாங்கிக்கொள்வார். பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் வேலை செய்தால் வீடு அவர்கள் பேரில் தொடரும். அண்ணனுக்கு ஒரே மகள். ஜொகூரில் கல்யாணமாகி, சின்ன அடுக்குமாடி வீட்டில் மாமியார் மாமனாரோடு இருக்கிறாள். அங்கே போய் ஒண்டிக்கொள்ள அண்ணிக்கு இஷ்டமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணிக்கு ஒரே ஆசைதான், யாரும் வந்து காலி பண்ணு என்று சொல்ல முடியாத ஒரு வீடு. கோயிலில் மற்றவர்கள் என்னென்னவோ கேட்பார்கள். அண்ணி இதை மட்டும் கேட்பார். அதுவும் சத்தமாகக் கேட்பார்.

அப்படியிருக்கும்போது தாப்பாவில் ஒரு கல்யாணம் வந்தது. என் வீட்டுக்காரரின் சொந்தம். சும்மா கிடந்த லோரியிலேயே நால்வரும் இறங்கினோம். மலையைச் சுற்றி இறங்க இறங்க வெயில் இன்னும் மோசமாக இருந்தது. கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களின் ஓரத்துப் புல்லெல்லாம் வைக்கோலாகியிருந்தது. ஆனால் செம்பனை மரங்கள், எங்கள் பேச்சில் பாமாயில் மரங்கள், ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன. மரத்துக்கு மரம் கழுத்தடியில் சிவப்பும் கறுப்புமாகக் குலைகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் லோரியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். கல்யாணச் சட்டையோடு ஒரு குலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர், வழி முழுக்க அதைப் பற்றியே பேசினார்.

"இந்த வெயில்லயும் இது இப்படிக் குடுக்குதுன்னா, மழ பேஞ்சா என்ன குடுக்கும், யோசிச்சுப் பாரு" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தேயிலை என்றால் அது நியாயம்தான்.

கல்யாண வீட்டில் யாரோ சொல்லித்தான் அந்தத் தோட்டம் எங்களுக்குத் தெரிந்தது. தாப்பாவுக்கு வெளியே, ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது. வயசானவர்களை மலாயில் கூப்பிடுகிற மாதிரி பாக்சிக் என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். முழங்கால் இரண்டும் போய்விட்டது. மகன் ஷா ஆலமுக்குக் கூப்பிடுகிறான். தோட்டத்தை நடுவிலிருக்கும் பலகை வீட்டோடு சேர்த்து வருஷக் குத்தகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள், குத்தகையை மட்டும் வருஷ ஆரம்பத்தில் கொடுத்துவிடுங்கள், மகன் விவசாயத்துக்கு வரமாட்டான், பிற்பாடு வாங்குவதென்றாலும் உங்களுக்கே முதலில் கேட்கிறேன் என்றார். அண்ணி அந்த வீட்டுக்குள் போனவர் வெளியே வர நேரமானது. பின்பக்கம் கிணறு இருந்தது. வாசலில் ஒரு முருங்கை. அண்ணி வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்றார். அடுப்பு எரியவில்லை.

பாக்சிக் நல்ல மனிதர். அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "இப்போ நீங்க பாக்குறது இந்த வருஷத்துக் காய் இல்ல. இது போன மழைக் காலத்துல மரம் முடிவு பண்ணது. இப்போ அடிக்கிற வெயிலுக்கு மரம் அப்புறமாத்தான் பதில் சொல்லும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். அத மனசுல வெச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும். நாங்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, லோரியில் ஏறியதும் சிரித்தோம்.

"தன் சரக்கத் தானே கொற சொல்ற யாவாரிய இன்னிக்குத்தான்லா பாக்குறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவருக்கு மனசு மாறுது, மச்சான்" என்றார் அண்ணன். "விட மனசில்லாம பேசுறாரு. அதுக்குள்ள முடிச்சுடணும்."

அந்த மனிதரின் நேர்மை எங்களை அவசரப்படுத்தியது. ஒரு மாதத்துக்குள் அண்ணன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். சேமிப்பும் அண்ணியின் வளையல்களும் குத்தகையாகவும் உரமாகவும் மாறின. தோட்டத்தில் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். எங்களில் ஒரே ஒரு ஆளாவது செம்பனை பார்த்து வளர்ந்தவராக இருந்திருந்தால், இருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இருந்தவர்கள் எல்லோரும் தேயிலைக்காரர்கள். ஆளாளுக்கு எதிரே வறண்டு கிடந்த மலையைக் காட்டி, நல்ல நேரத்தில் தப்பித்தாய் என்றார்கள்.

முதல் சில மாதங்கள் பெருநாள் மாதிரி இருந்தன. வாரா வாரம் அண்ணன் குலைகளைப் படமெடுத்து அனுப்புவார். குலைக்குப் பக்கத்தில் அளவு தெரியட்டும் என்று அண்ணியை நிறுத்துவார். "அண்ணே, குலைய விட அண்ணி இளச்சுட்டாங்கலா, சாப்பாடு போடுறீங்களா இல்லியா" என்று நான் எழுதுவேன். அண்ணி ஜன்னல்களுக்குப் பச்சையில் திரைச்சீலை தைத்தார். கோழி வாங்கினார். நான் போன ஒரு முறை, அவர் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இங்க யாராவது வண்டி நிறுத்துற சத்தம் கேட்டா எனக்கு இப்போ நெஞ்சு அடிச்சுக்கறதில்ல" என்றார். இத்தனை வருஷமாக லைன் வீட்டில் அவருக்கு அப்படி அடித்துக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் மழை வந்தது. கடல் குளிர்ந்துவிட்டதாம். ரேடியோ சொல்வதற்கு முன்பே எங்கள் தேயிலை சொல்லிவிட்டது. சரிவெல்லாம் இளம்பச்சை. மிஷின்கள் காலையிலிருந்து இரைந்தன, ஃபேக்டரியின் வாடை டீக்கடைவரை வந்தது. கூட்டம்தான் குறைந்துவிட்டது. மழைக் கோட்டோடு வந்த ஒரு சிலர் பனிக்குள் எங்கே மலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னார், இங்கேயும் நல்ல மழை, இனிமேல்தான் பார்க்கப் போகிறாய் என்று.

பார்த்தோம். குலைகள் குறைந்தன. முதலில் ஒன்றிரண்டு மரங்கள் சும்மா நின்றன, பிறகு ஒரு வரிசை, பிறகு எங்கே பார்த்தாலும் வெறும் கழுத்து. மட்டை இடுக்குகளில் வந்ததெல்லாம் ஆண் பூ. நீளமாக, தூசி தட்டிக்கொண்டு, ஒரு காய்க்கும் உதவாத பூ. வெயிலில் வாடியபோது அந்த மரங்கள் உள்ளுக்குள் பெண் பூவை வேண்டாம் என்று தள்ளிவிட்டிருக்கின்றன. வெளியே மட்டை பச்சையாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மழை கொட்டுகிறது, பூமி ஊறிக் கிடக்கிறது, மரம் பளபளவென்று நிற்கிறது, காய் மட்டும் இல்லை. தேயிலையோடு பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது புத்தி பேதலிக்கிற காட்சி.

"மழ பெய்யுது, மரம் குடுக்க மாட்டேங்குது. அப்போ கோளாறு மரத்துலதான்" என்றார் அண்ணன்.

அதற்கு அவர் செய்த வைத்தியம் எந்தத் தேயிலைக்காரரும் செய்திருக்கக்கூடியதுதான். தேயிலை முரண்டு பிடித்தால் நாங்கள் கவ்வாத்து வெட்டுவோம். செடியை முழங்காலளவுக்குக் கழித்துவிட்டால் அது கோபம் தீர்ந்து, புதிதாகத் தளிர்த்து, பல வருஷம் கொழுந்து கொடுக்கும். அண்ணன் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் மட்டைகளைக் கழித்தார். அடி மட்டை, நடு மட்டை எல்லாம் போய், உச்சியில் ஒரு கொத்து மட்டும் நின்றது. நானும் போய்ப் பார்த்து, இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்றேன். தோட்டம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு மகன் வீட்டிலிருந்து ஊருக்கு வந்த பாக்சிக், லெமாங் என்கிற மூங்கில் சோறு எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறார். வாசலில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு, மாட்டுக்குத் தழை வெட்டினீர்களா என்று கேட்டிருக்கிறார். புதிதாகத் தளிர்க்கட்டும் என்று வெட்டினேன் என்றார் அண்ணன். பாக்சிக் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மட்டையின் அக்குளிலும் ஒரு குலை வரவேண்டும், இந்த மரத்தின் சாப்பாடே மட்டையில்தான் என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அண்ணி இதை எனக்கு ஃபோனில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அண்ணன் பக்கத்து அறையில் இருந்தார்.

போகும்போது பாக்சிக் சொன்னாராம், பரவாயில்லை, மரம் செத்துப்போகவில்லை, மட்டை திரும்ப வரும், இப்போது பெய்கிற மழை வீண் போகாது, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ வட்டியோடு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. இந்த முறை அண்ணன் சிரிக்கவில்லை. முழுதாக நம்பினார். ஆனால் பொறுப்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். புதுக் குத்தகைக்கான நேரம் வந்துகொண்டிருந்தது. பாக்சிக் இரண்டு முறை தவணை கொடுத்தார், மூன்றாவது முறை அவருடைய மகன் ஃபோன் செய்தான். அவனும் மரியாதையாகத்தான் பேசினான். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றான்.

நான் என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று லோரியில் ஏறிச் சிரித்த சிரிப்பு அவருக்கும் ஞாபகம் இருந்தது. அண்ணன் சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என் கைப்பைக்குள்ளேயே போட்டார்.

"இத மரத்துக்கா போடச் சொல்ற? உம் புருஷன் லோரிக்கு டயர் மாத்து மொதல்ல."

"அண்ணே, ஒரு வருஷம்தானே."

"அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஒண்ணுமே வரலன்னா? ஏற்கனவே ஒரு தடவ மரத்தப் பாத்து ஏமாந்தாச்சு. உன்னையும் சேத்து ஏமாத்தச் சொல்றியா?"

நான் இன்னும் கொஞ்சம் அடம் பிடித்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அண்ணன் ஒரு தடவை வேண்டாம் என்றால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அந்த மரியாதை அன்று யாருக்கும் உதவவில்லை.

தோட்டத்தைப் பாக்சிக்கிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பீடோரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அதை எடுத்துக்கொண்டது. அண்ணன் மேலே வந்து தோட்டத்து ஆபீஸில் வேலை கேட்டார். மேனேஜர் துரை எழுந்து நின்று கைகொடுத்தாராம். மிஷின் பிடிக்கத் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும், ஆனால் இப்போது கான்ட்ராக்டர் மூலமாகத்தான் சேர்க்க முடியும், வீடு கிடையாது என்றார். அண்ணன் அப்படியே லைன் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன். அவர்களுடைய வீட்டில் இப்போது நேப்பாள இளைஞர்கள் இருந்தார்கள். வாசலில் வரிசையாகச் சப்பாத்துகள், உள்ளே அடுக்குக் கட்டில்கள். அண்ணன் நிற்பதைப் பார்த்து அவர்களில் ஒருவர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நல்ல டீ. திரும்பும் வழியில் அண்ணன், "அவங்களும் பொழைக்க வந்தவங்கதான்" என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் வாடகை சுற்றுலாக்காரர்களின் விலைக்கு ஏறிக் கிடந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளம் விற்கிறவர்களே ஒரு அறையில் இரண்டு குடும்பமாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன், அதுவும் என் வீட்டுக்காரர் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைதான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம்மா என்றார். கடைசியில் தாப்பாவில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் செம்பனைத் தோட்டங்களில் கூலிக்குக் குலை வெட்டப் போனார். கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான் கீழே. பச்சைத் திரைச்சீலைகளில் ஒன்றைப் பாதியாக வெட்டி, அந்த அறையின் ஒரே ஜன்னலுக்கு அண்ணி போட்டிருந்தார்.

அடுத்த ஆண்டு மரங்கள் பதில் சொல்லின. பேய் மாதிரிப் பெய்த அத்தனை மழைக்கும் சேர்த்துச் சொல்லின. தாப்பா பக்கம் எந்தத் தோட்டத்திலும் வெட்ட ஆள் போதவில்லை. குலை வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு மோட்டாரில் ஆள் சுற்றினார்கள். பீடோர்க்காரரும் அண்ணனைக் கூப்பிட்டார். அவருக்கு அண்ணன் முன்பு அங்கே இருந்தவர் என்று தெரியும், அந்தத் தோட்டத்தின் மேடு பள்ளம் தெரிந்த ஆள் என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். உதிரிப் பழம் பொறுக்க ஆள் வேண்டும் என்றதும் அண்ணியும் போனார்.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். தோட்டத்தின் வாசலிலேயே குலைகள் குவிந்து கிடந்தன. அண்ணன் ஒரு மரத்தடியில் அண்ணாந்து நின்று கம்பை ஏற்றிக்கொண்டிருந்தார். குலை விழுந்ததும் தரை அதிர்ந்தது. குலையை எடுக்க வெட்டியே ஆகவேண்டிய மட்டையைத் தவிர வேறு ஒரு மட்டையைத் தொடாமல் அடுத்த மரத்துக்குப் போனார்.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"பாத்தியா" என்றார், கீழே கிடந்த குலையைக் காலால் தள்ளிக் காட்டி. "இது நான் மட்ட வெட்டிக்கிட்டு நின்னப்போ பேஞ்ச மழ. இந்த மரத்தடியில நனஞ்சுக்கிட்டு நின்னேன். என்ன அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, தேயில மாதிரி."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணியைத் தேடிப் போனேன்.

அண்ணி வீட்டுக்குப் பக்கத்து வரிசையில் குந்தி உட்கார்ந்து உதிரிப் பழங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண், சின்ன வயசுக்காரி, கையில் குழந்தையோடு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தாள். கலகலப்பான பெண். அவளுடைய வீட்டுக்காரர் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. நீங்கள் எந்தப் பக்கம் அக்கா என்று அண்ணியிடம் கேட்டாள். தாப்பா டவுனில், மளிகைக் கடைக்குப் பின்னால் என்றார் அண்ணி.

"நாங்க இங்க வந்து ரொம்ப நாள் ஆகலக்கா. முன்ன இருந்தவங்களுக்கு இந்த மரம் ஒண்ணுமே குடுக்கலயாம். பாவம், ராசியில்லாதவங்க போல. நாங்க குடிவந்த ராசி, பாருங்க எப்படிக் காய்க்குதுன்னு. இந்த வீட்டையே வாங்கிடலாம்னு இவரு பேசிக்கிட்டிருக்காரு."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இது எங்கள் அண்ணன் காலத்து மழை, எங்கள் அண்ணியின் வளையல் போட்ட உரம், நீ வெறும் கையை நீட்டினாய் என்று சொல்ல. அவள் மேல் எனக்கு என்ன கோபம், அவளும் மரத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள். ஆனாலும் சொல்லியிருப்பேன். அண்ணி என் முழங்கையைத் தொட்டார்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தடவினார்.

"நல்ல வீடும்மா" என்றார். "வாங்கிக்குங்க."

பிறகு சாக்கை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனார்.